இராகுலர் இருவர்: ஆய்வேடும் பொதுவாசகனும்

கொழும்பிலிருந்து வடக்கு நோக்கிச் செல்லும் பேருந்து களனியாற்றுப் பாலத்தைக் கடந்ததும் பேலியகொடையை அடைகின்றது. இன்று அவ்வூர்ப் பெயரைக் கேட்பார்க்கு மீன்சந்தையும் கட்டுநாயக்கா விரைவுப் பாதையின் வாயிலுமே நினைவுக்கு வரும். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழும் தமிழர் அவ்வூரைப் பன்முறை கடந்து சென்றவரே. எனினும் 1875ஆம் ஆண்டில் இரத்மலானை தர்மாலோக தேரர் அங்கே நிறுவிய வித்தியாலங்காரப் பிரிவெனாவைப் பற்றி அறிந்தவர் அவருட் சிலரே. அப்பிரிவெனா 1959இல் பல்கலைக்கழகமாகி, இன்று களனிப் பல்கலைக்கழகமாக வளர்ந்திருக்கின்றது. தமிழர் அதனைப் பெரிதும் பொருட்படுத்தாமைக்குக் காரணம் இல்லாமலில்லை. அது பின்னர்க் கூறப்படும்.

அப்பிரிவெனாவோடு தொடர்புடைய அறிஞர் இருவர் ஒரே பெயரைத் தாங்கியவர். ஒருவர் தென்னிலங்கையில் 1907இல் பிறந்த வல்பொல இராகுல தேரர். மற்றவர் வட இந்தியாவிலிருந்து வந்து, 1927இலும் 1928இலும் அங்கே வடமொழி கற்பித்துத் தாம் பாளி கற்று, 1930இல் துறவு பூண்டபோது இராகுலர் என்னும் பெயரை ஏற்ற இராகுல சாங்கிருத்தியாயன். இருவரும் ஆழ்ந்த ஆராய்ச்சியாளர்; இருவரும் தம் ஆராய்ச்சியைப் பொதுமக்கள் கையில் வைத்தவர். ஆனால் வைத்த முறை ஒன்றன்று. அம்முறைகளை ஒப்பிட்டு நோக்குவது, பட்டமேற்படிப்பு ஆராய்ச்சியாளர் தம் முடிவுகளைப் பலரும் அறியச் செய்வது எவ்வாறு என்று இக்காலத்தில் எங்கும் கேட்கப்படும் வினாவுக்கு ஒளி தருவதாகும்.

அவ்வினா எழுவதற்குக் காரணம் வெளிப்படை. ஓர் ஆய்வேட்டை முழுமையும் படிப்போர் யாவர்? மேற்பார்வை செய்த பேராசிரியர் ஒருவர், தேர்வாளர் இருவர் அல்லது மூவர், பிற்காலத்தில் அதே பொருளை எடுத்துக்கொள்ளும் வேறொரு மாணவர். ஐந்தாண்டு உழைப்பு ஐவர் கண்ணிற் பட்டு அடங்கிவிடுகின்றது. இக்குறைக்கு மருந்தாகப் பெரும்பாலும் சொல்லப்படுவது, 'எளிய நடையில் எழுதுக. கலைச்சொற்களை நீக்குக' என்பதே. இது நோயை அறியாத மருத்துவமாகும். வல்பொல இராகுலரின் நூல்களை நோக்கினார்க்கு இவ்வுண்மை எளிதிற் புலப்படும்.

அவர் இலங்கைப் பல்கலைக்கழகத்திற் கலாநிதிப் பட்டத்திற்கு ஆய்ந்த பொருள் அநுராதபுர காலத்துப் பௌத்த வரலாறு. அவ்வாராய்ச்சி 1956இல் கொழும்பில் ஆங்கில நூலாக வெளிவந்தது. விகாரைகளின் நிலம், குளம், வருவாய், அவற்றுக்கு உரிமையாயிருந்த அடிமைகள், துறவிகளின் அன்றாட ஒழுக்கம், பொதுமக்களின் விழாக்கள் ஆகியவற்றைக் கல்வெட்டுக்களையும் பாளி உரைகளையும் கொண்டு அது நிறுவிச் செல்கின்றது. மூன்றாண்டு கழித்து, 1959இல், பாரிஸில் வாழ்ந்த காலத்தில் அவர் எழுதிய மற்றோர் ஆங்கில நூல் வெளிவந்தது. புத்தர் போதித்தது யாது என்பதைக் கூறும் அச்சிறுநூல் உலகின் பல மொழிகளிற் பெயர்க்கப்பட்டு இன்றும் மறுபதிப்புப் பெறுகின்றது, தமிழிலும் வந்திருக்கின்றது. பிரெஞ்சுப் பேரறிஞர் போல் தெமியேவில் அதற்கு அணிந்துரை வழங்கினார்.

இச்சிறுநூலின் முகவுரையில் ஒரு செய்தி ஆழ்ந்து நோக்கற்பாலது. நூல் எட்டு இயல்களை உடையது. ஆசிரியர், புதிதாகப் படிப்பவர் முதலியலைப் படித்தபின் இரண்டாம் இயலுக்குச் செல்ல வேண்டா என்றும், ஐந்தாம், ஏழாம், எட்டாம் இயல்களைப் படித்துப் பொருளின் பொதுத்தன்மை தெளிந்தபின் இரண்டு, மூன்று, நான்கு, ஆறு என்பவற்றுக்குத் திரும்புக என்றும் அறிவுறுத்துகின்றார். பொருளுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. அது நான்கு வாய்மைகளின் ஒழுங்கு. அதனை மாற்ற அவருக்கு உரிமையில்லை. கற்பவன் மனத்துக்கும் ஓர் ஒழுங்கு உண்டு, அது வேறு. துன்பம், அதன் தோற்றம், அதன் நீக்கம் என்று தொடங்கினால் வாசகன் மலைத்து நின்றுவிடுவான். வாழ்வில் ஒழுகும் வழியையும் தியானத்தையும் முதலில் அறிந்தானாயின், கொள்கை பின்னர்த் தானே விளங்கும். இரண்டு ஒழுங்குகளையும் கெடாமற் காத்தது அம்முகவுரையின் ஒரு வாக்கியம். வகுப்பறையிற் பலகாலம் நின்றவன் அன்றி வேறெவன் இதனை எழுதுவான்?

கலைச்சொற்களை நீக்குக என்பாருக்கும் அந்நூலில் விடையுண்டு. 'துக்க' என்னும் பாளிச் சொல்லைத் துன்பம் எனப் பெயர்த்தல் பொருந்தாது என்று காட்டி, அதனைப் பெயர்க்காமலே விட்டு, அதன் பொருளை ஓரியல் முழுதும் விரித்துச் செல்கின்றார் தேரர். தேவையற்ற சொற்கள் பலவற்றை அவர் விலக்கியது உண்மையே. இன்றியமையாத ஒரு சொல்லை விலக்காது, அதன்மேல் வாசகனின் நேரத்தைச் செலவிடுமாறு துணிந்து கேட்டதும் உண்மை. பொதுவாசகன் அறியாதவன், அறிவில்லாதவன் அல்லன். இவ்வேறுபாட்டை உணராது எழுதப்படும் எளிய நூல்கள் குழந்தைக்குச் சோறூட்டுவதுபோல் அமைந்து, வளர்ந்தவருக்குச் சினமூட்டுகின்றன.

எனினும் அச்சிறுநூலிற் குறை ஒன்றுண்டு. முதல்நூல் அறிந்திருந்த பலவற்றை இரண்டாம் நூல் மறந்துவிட்டது. நிலமும் குளமும் அடிமையும் விழாவும் மறைந்து, தூய அறிவுநெறி ஒன்றே எஞ்சுகின்றது. வெளிநாட்டு வாசகனை நோக்கி எழுதியமையால் அவன் விரும்பக்கூடிய புத்தரையே அவர் காட்டினாரோ என்று ஐயுறுதல் தவறாகாது. இரண்டு நூல்களையும் ஒருங்கே படித்தவருக்கே பௌத்தத்தின் முழுவுருவம் கிட்டும். ஆனால் இரண்டாவதைப் படித்த பெருந்தொகையினருள் முதலாவதைத் தொட்டவர் மிகச் சிலர். பொதுமக்களுக்கு எழுதுவதில் இடர்ப்படும் இடம் நடையன்று. எதனை விடுவது என்னும் தேர்வே.

இத்திறமை தேரருக்குப் பாரிஸிலே திடீரென வந்ததன்று. கலாநிதிப் பட்டம் பெறுதற்கு முன்னரே சிங்களத்தில் மக்களுக்கென எழுதிப் பழகியவர் அவர். அவற்றுள் மிகுந்த விளைவை உண்டாக்கியது 1946இல் வெளிவந்த 'பிக்ஷுவகே உருமய' என்னும் நூல். துறவிகள் அரசியலில் ஈடுபடுவது அவர்தம் மரபுரிமை என்பது அதன் கொள்கை. அதே ஆண்டு பெப்ரவரியில் வித்தியாலங்காரப் பிரிவெனா வெளியிட்ட பிரகடனமும் அக்கொள்கையதே. 1956இன் மொழிச் சட்டக் காலத்திற் பிக்குமார் சிலர் ஏற்ற பங்கை நினைவிற் கொண்ட தமிழர் பேலியகொடையை அன்போடு நோக்காமைக்குக் காரணம் இதுவே. இங்கே அரசியலை விடுத்து எழுத்தை மட்டும் நோக்கினும் ஒன்று தெரிகின்றது. 1946இன் நூல் பழைய வரலாற்றை வாதத்துக்குச் சான்றாக அழைக்கின்றது. 1956இன் ஆய்வுநூலோ அதே வரலாற்றைச் சான்றுகள் எங்கே செல்கின்றனவோ அங்கே செல்ல விடுகின்றது. மக்களை ஈர்க்கும் நடை முந்தியதிலேயே நிறைந்திருந்தது. ஆய்வின் ஒழுக்கம் பிந்தியதிற் கிட்டிற்று. இரண்டும் 1959இலேதான் ஒரு கையிற் சேர்ந்தன. மக்கள் நடை தன்னளவில் நன்மையுமன்று, தீமையுமன்று. அது செல்லுமிடமெல்லாம் சான்றும் உடன் செல்கின்றதா என்பதே கேள்வி.

மற்றை இராகுலரின் வழி வேறு. திபெத்துக்கு நான்கு முறை சென்று, இந்தியாவில் அழிந்துபோன வடமொழிச் சுவடிகளைத் தேடிக் கண்ட பேராராய்ச்சியாளர் அவர். அவரே 1942இல் ஹசாரிபாக் சிறையில் இருந்து, கி.மு. 6000 முதல் தம் காலம் வரை நீளும் மனித வரலாற்றை இருபது கதைகளாக இந்தியில் எழுதினார். கண. முத்தையாவின் மொழிபெயர்ப்பில் 1949இல் வெளிவந்த 'வால்காவிலிருந்து கங்கை வரை' தமிழிற் பெற்ற வரவேற்பைக் கூற வேண்டுவதில்லை. வரலாற்றைப் பாடப்புத்தகத்தில் வெறுத்த மாணவரும் அதனை இரவிரவாகப் படித்தனர். ஆயினும், ஒரு கதையில் வரும் செய்தி சுவடியிற் கண்டதா, ஊகித்ததா, ஆசிரியரின் அரசியற் கொள்கை வேண்டியதா என்று பிரித்தறியும் வழி வாசகனுக்குக் கொடுக்கப்படவில்லை. கதையில் எல்லாம் ஒரே நிறத்தன. தேரர் வாசகனுக்கு வாயிலைத் திறந்து, உள்ளே சுவர் எங்கே உள்ளது என்றும் காட்டினார்; சாங்கிருத்தியாயனோ சுவரையே எடுத்துவிட்டார். ஆராய்ச்சி மாணவர் பின்பற்றத்தக்கது முந்தியதே. நெஞ்சைக் கவர்வது பிந்தியது என்பதையும் மறைத்தற்கில்லை. 1959இற் பல்கலைக்கழகமான வித்தியாலங்காரத்திற் பேராசிரியராகச் சாங்கிருத்தியாயன் மீண்டும் வந்து சேர்ந்தார் என்பது இடையே நினைக்கத்தக்கது.

தமிழர்க்கு இத்தொழில் புதியதோ எனின், அன்று. ஆறுமுகநாவலர் பெரியபுராணத்தை வசனமாக்கி 1852இல் அச்சிட்டார். அதற்கு ஐந்தாண்டு முன்னரே, 1847இன் இறுதியில், வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிற் பிரசங்கம் செய்யத் தொடங்கிவிட்டார். எங்கே கேட்போர் முகம் மலர்கின்றது, எங்கே வாடுகின்றது என்று வெள்ளிதோறும் கண்டறிந்த பின்னரே அவ்வசனம் பிறந்தது என்க. சுவாமி விபுலாநந்தர் மற்றொரு வழியைக் காட்டினார். யாழ்நூலின் கணக்குகளைப் பின்தொடரக்கூடியவர் அன்றும் சிலரே, இன்றும் சிலரே. ஆயினும் 1947இல் திருக்கொள்ளம்பூதூரில் அந்நூல் அரங்கேறியபோது, அவர் ஆய்ந்து கண்ட முறைப்படி செய்யப்பட்ட யாழ்கள் அவையில் மீட்டப்பட்டன. கணக்கை அறியாதவரும் அதன் விடையைச் செவியாற் பெற்றனர்.

பல்கலைக்கழகக் காலத்தில் முதலிற் குறிப்பிடத்தக்கவர் பேராசிரியர் சு. வித்தியானந்தன். பத்துப்பாட்டை வரலாறு, சமூகம், மொழி என்னும் மூன்று நோக்கிலும் ஆய்ந்து இலண்டனிற் கலாநிதிப் பட்டம் பெற்றவர், நாடு திரும்பிச் சில ஆண்டுகளுள், 1954இல், 'தமிழர் சால்பு' என்னும் நூலைத் தமிழில் வெளியிட்டார். அதனைப் பதிப்பித்தது பெரும் பதிப்பகம் அன்று. கண்டி மாவட்டத்துத் தமிழ் மன்றம். ஆசிரியரும் மாணவரும் அதனைப் பலகாலம் கையாண்டனர். அந்நூலின் பெயரே அதன் சிறப்பையும் குறையையும் ஒருங்கே காட்டுகின்றது. ஆய்வேட்டில் வினாவாக நின்றது இங்கே சால்பு என்னும் பாராட்டாக மாறிற்று. பின்னர் அவர் நாட்டுக்கூத்தைப் பேராதனை அரங்குக்குக் கொணர்ந்து, 1962இல் 'கர்ணன் போர்', 1964இல் 'இராவணேசன்' என மேடையேற்றியது, ஆராய்ச்சியை ஆராயப்பட்ட மக்களிடமே திருப்பிக் கொடுத்த செயலாகும்.

இனி, இப்பணி காலந்தாழ்ந்தால் விளையும் கேட்டுக்கு ஒரு சான்று. கா. இந்திரபாலா 1965இல் இலண்டன் பல்கலைக்கழகத்துக்கு அளித்த ஆய்வேட்டின் பொருள், இலங்கையிற் திராவிடக் குடியேற்றங்களும் யாழ்ப்பாண அரசின் தொடக்கமும். அதன் ஒரு பகுதிப் பொருளை 1972இல் 'யாழ்ப்பாண இராச்சியத்தின் தோற்றம்' என்று தமிழில் அவர் வெளியிட்டார், ஆய்வேடோ அச்சேறவில்லை. அச்சேறாதிருந்தும் அது மேற்கோளாக வழங்கிற்று. நாட்டின் இனப்பூசலில் ஒவ்வொரு தரப்பாரும் வரலாற்றைச் சாட்சிக் கூண்டில் ஏற்றிய காலம் அது. முழுமையும் படித்தவர் சிலர். முடிவை மட்டும் கேள்வியுற்றவர் பலர். ஆராய்ச்சியாளன் தன் முடிவைத் தானே பொதுமக்களுக்குக் கூறாதவிடத்து அதனைக் கூறப் பிறர் முன்வருவர். அவர் ஆய்வேட்டின் ஐயங்களையும் வரையறைகளையும் சுமந்து செல்லமாட்டார். தொல்லியலின் புதிய சான்றுகளால் இந்திரபாலா தம் பழைய கருத்துக்களை மாற்றிக்கொண்டு, தீவின் பழங்குடிகளே காலப்போக்கிற் சிங்களவராகவும் தமிழராகவும் உருப்பெற்ற வரலாற்றை 2005இல் ஆங்கிலத்திலும், அடுத்த ஆண்டு தமிழிலும் எழுதினார். 'குடியேற்றம்' என்று தொடங்கிய ஆய்வு 'ஆக்கம்' என்று முடிந்தது. இடையிற் சென்றவை நாற்பது ஆண்டுகள். அவை எத்தகைய ஆண்டுகள் என்பதை இந்நாட்டார்க்கு எடுத்துரைக்க வேண்டுமோ? அறிஞன் கருத்தை மாற்றுதல் இழுக்கன்று, பெருமையே. மாற்றம் மக்களை எட்டுமுன் பழைய முடிவு வேரூன்றிவிடுவதுதான் இழப்பு.

இக்காலத்துப் பல்கலைக்கழகங்கள் இக்குறையை உணராமலில்லை. அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகம் 2008இல் ஒரு போட்டியைத் தொடங்கிற்று. ஆராய்ச்சி மாணவர் ஒவ்வொருவரும் தம் ஆய்வேட்டை ஒரே ஒரு படத்தின் துணையோடு மூன்று நிமிடத்திற் கூறி முடித்தல் வேண்டும். இன்று அது பல நாடுகளிற் பரவியிருக்கின்றது. இந்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறை 2018இல், தம் ஆராய்ச்சியைப் பொதுமக்களுக்கு விளங்கக் கட்டுரையாக எழுதும் இளம் ஆராய்ச்சியாளர்க்குப் பரிசளிக்கத் தொடங்கிற்று. இவை நன்முயற்சிகளே. மூன்று நிமிடத்தில் தன் பொருளைக் கூறமாட்டாதவன் அதனை முந்நூறு பக்கத்திலும் கூறமாட்டான் என்று எள்ளுவாரும் உளர். அதில் ஓரளவு உண்மையுமுண்டு. ஆயினும் அம்மண்டபத்திற் கேட்டிருப்போர் நடுவரும் உடன்மாணவருமே. மாணவன் மீண்டும் ஒரு தேர்வையே எழுதுகின்றான்; இம்முறை சிரித்த முகத்தோடு எழுதுகின்றான், அவ்வளவே. அவனை இடைமறித்து, 'இதனால் எங்கள் ஊருக்கு என்ன?' என்று கேட்பார் அங்கில்லை.

இலங்கைத் தமிழ் மாணவர்க்கு உள்ள மற்றொரு தடை மொழி. பல துறைகளில் ஆய்வேடு ஆங்கிலத்தில் எழுதப்படுகின்றது. கேட்க வேண்டிய மக்கள் தமிழர். ஆங்கிலத்தில் மேற்கோளும் தொடரும் அடுக்கி எழுதிய ஒரு பந்தியைத் தமிழிற் சொல்ல முயலும்போதுதான், அப்பந்தியிற் பொருள் எவ்வளவு, ஓசை எவ்வளவு என்பது எழுதியவனுக்கே விளங்கும். இச்சோதனையை ஆய்வேடு முடியுமுன்னரே மேற்கொண்டால் ஆய்வேடும் திருந்தும். அதற்குரிய அவைகள் இல்லாமலில்லை. 1942இற் தோன்றிய கொழும்புத் தமிழ்ச் சங்கம் வெள்ளவத்தையில் இருக்கின்றது. கொட்டாஞ்சேனையிற் கோயில் மண்டபங்கள் உண்டு. ஒவ்வொரு பாடசாலையிலும் உயர்தர வகுப்பு உண்டு. ஆராய்ச்சி மாணவனை ஆண்டுக்கு இருமுறை இத்தகைய அவையொன்றின்முன் நிறுத்தி, அங்கே கேட்கப்பட்ட கேள்விகளை எழுதிக்கொண்டு வருமாறு மேற்பார்வையாளர் பணிப்பாராயின், அதற்குப் பணமும் வேண்டா, சட்டமும் வேண்டா. வெள்ளிதோறும் நாவலருக்குக் கிடைத்தது அதுவே.

கேட்போருள் ஒருவகையினரைத் தனியே சுட்டுதல் தகும். விரிவுரை மண்டபத்தை ஒருநாளும் காணாது, பகலிற் பாடசாலையிற் கற்பித்து, இரவிற் குறிப்புகளையும் கடன்வாங்கிய நூல்களையும் கொண்டு வெளிவாரியாகப் பட்டம் பெறுவோர் அவர். பேராசிரியர் வாய்மொழியாக மாணவர்க்குக் கூறும் புதிய முடிவுகள் அவரை எட்டுவதில்லை. அச்சில் வந்தாலே எட்டும், அதுவும் அவர் வாங்கக்கூடிய விலையில், அவர் விளங்கக்கூடிய மொழியில். அவர் பழைய முடிவைக் கற்று, அதனையே ஆண்டுக்கு நூறு பிள்ளைகளுக்குக் கற்பிக்கின்றார். ஆராய்ச்சிக்கும் ஊருக்கும் இடையே உள்ள பாலம் பெரும்பாலும் இவரே. அதனைக் கட்டுவோர்தாம் அரியர்.

அதனைக் கட்ட வல்லவருள் முதல்வராக எண்ணத்தக்கவர் க. கைலாசபதி. தினகரன் ஆசிரியராயிருந்து நாள்தோறும் பொதுமக்களுக்கு எழுதிய கை அவரது கை. பேர்மிங்காமில் அவருக்கு ஆசிரியராய் வாய்த்தவரும் அத்தகையவரே. கிரேக்கப் பேரறிஞர் ஜோர்ஜ் தொம்சன் இளமையிலே அயர்லாந்தின் மேற்குத் தீவொன்றிற் கல்வியறியா மீனவரோடு பழகி, அவர்தம் பேச்சினால் ஹோமரின் காப்பியம் தமக்கு விளங்கிற்று என்றுணர்ந்து, 1930களின் தொடக்கத்திற் கோல்வே நகரிற் கிரேக்கத்தை ஐரிஷ் மொழியிற் கற்பித்தார். கிரேக்கத் தத்துவத்தின் தோற்றம் பற்றி அம்மொழியிலேயே ஒரு நூலும் எழுதினார். இவர்தம் வழிகாட்டலிற் கைலாசபதி, சங்கச் செய்யுட்களைப் பாணர் வாய்மொழி மரபில் வைத்து, ஹோமரோடும் அயர்லாந்துப் பழம் பாடல்களோடும் ஒப்பிட்டு ஆய்ந்தார். அவ்வாய்வு 1968இல் ஒக்ஸ்போட்டில் ஆங்கில நூலாயிற்று. 'பண்டைத் தமிழர் வாழ்வும் வழிபாடும்', 'ஒப்பியல் இலக்கியம்' முதலிய தமிழ் நூல்களில் அவ்வாராய்ச்சியின் ஒளி ஆங்காங்கே வீசுகின்றது. ஆனால் அதன் முழு வாதத்தையும் தமிழில் அவர் எழுதவில்லை. ஆசிரியப் பணியும், 1974இல் யாழ்ப்பாண வளாகம் தொடங்கியபோது ஏற்ற தலைமைப் பொறுப்பும் அவர் நேரத்தைக் கவர்ந்தன. 1982 டிசெம்பர் 6ஆம் நாள், ஐம்பது வயது நிரம்புமுன் அவர் மறைந்தார். பாணர் மரபைப் பற்றிய அந்நூல், வேறொருவர் மொழிபெயர்ப்பில், 'தமிழ் வீரநிலைக் கவிதை' என்னும் பெயரோடு தமிழ் வாசகர் கைக்கு வந்தது 2006இல்.